ஆத்து எறா பிடிக்கப் போகிறீர்களா? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்கு ஒரு கைக்குறிப்பு

இருட்டிய பிறகு ஏரிக்கரையில் நின்று தண்ணீரின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். முழங்கால் ஆழத்துக்குள், கல் இடுக்குகளில் செம்மஞ்சள் பொட்டுகள் ஜோடி ஜோடியாக மின்னினால் அங்கே இறால் இருக்கிறது. கண்தான் அப்படி மின்னும். பகலில் அதே இடத்தில் ஒன்றுகூடத் தெரியாது. கல்லுக்கு அடியிலும் வேருக்குள்ளும் மக்கிய இலைக்குள்ளும் பதுங்கிவிடும். அதனால் பகலில் போய்த் தூண்டில் போட்டுவிட்டு, "இந்த ஏரியில எறாவே இல்ல" என்று திரும்புகிறவர்களின் சாட்சியத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இரவில் போகிறவர்களும் வரத்து குறைந்துவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். அது உண்மையா, உண்மை என்றால் எந்த இறால் குறைந்தது, எதனால் என்று பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். நம் பக்கத்தில் "எறா" என்று ஒரே பெயரில் சொல்வது ஒரே உயிரினம் அல்ல. பிடிக்கும் முறை, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற மூன்றும் அதைப் பொறுத்தே மாறும்.

எந்த இறால் என்று பார்ப்பது

ஏரி, குட்டை, வாய்க்கால்களில் கிடைப்பது பெரும்பாலும் சின்ன இறால். உயிரோடு இருக்கும்போது கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். வயிற்றுக்குள் போன தீனிகூடக் கறுப்புக் கோடாகத் தெரியும். முழுதாக வளர்ந்தாலும் ஒரு விரல் நீளம்தான். இதில் மேக்ரோபிராக்கியம் லமாரி என்ற வகைக்கு நெற்றி முள் மெலிதாக மேல்நோக்கி வளைந்திருக்கும். முள்ளின் மேல்பக்கப் பற்கள் அடிப்பகுதியில் வரிசையாக இருந்துவிட்டு, நுனிக்கு முன் கொஞ்சம் இடைவெளி விடும். கைகள் நூல் மாதிரி. இதைவிடவும் சின்னதாக, ஒரு அங்குலம்கூட வராத கூனி வகைகளும் இதோடு கலந்தே வரும். இவை வாழ்நாள் முழுவதும் நன்னீரிலேயே இருக்கும். முட்டையும் குஞ்சும் எல்லாம் அதே ஏரிக்குள்தான்.

பெரிய இறால் வேறு கதை. முன்னங்கால்களில் இரண்டாவது ஜோடி நீண்டு, ஆணில் உடம்பைவிட நீளமாக, முள் முள்ளாக இருக்கும். அணைகளில் குஞ்சு விட்டு வளர்ப்பது நீலக்கால் இறால். ஸ்காம்பி என்று வியாபாரிகள் சொல்வது இதைத்தான். இதன் நெற்றி முள் நீளமாக வந்து நுனியில் மேலே தூக்கியிருக்கும். மேல்பக்கம் 11 முதல் 14 பல், கீழ்ப்பக்கம் 8 முதல் 10 பல் எண்ணலாம். காவிரியில் இயல்பாகவே இருந்த பெரிய இறால் மேக்ரோபிராக்கியம் மால்கம்சோனி. அதற்கு முள் சற்றுக் குட்டை, கண்ணுக்கு மேலே ஒரு மேடு தட்டும், கீழ்ப்பக்கப் பற்களும் குறைவு. இவை இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. தாய் நன்னீரில் வாழ்ந்தாலும், பொரித்து வரும் குஞ்சு உப்பு கலந்த முகத்துவாரத் தண்ணீரில்தான் பிழைக்கும். நீலக்காலுக்குக் கடல் உப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தேவை. அங்கே 11 கட்டம் மாறி, மூன்று நான்கு வாரம் கழித்து இறால் உருவம் எடுத்த பிறகுதான் ஆற்றை எதிர்த்து மேலே ஏறும்.

முட்டையைப் பார்த்தே இது எந்த ரகம் என்று ஓரளவு ஊகிக்கலாம். சின்ன இறால் வயிற்றுக்கடியில் வைத்திருக்கும் முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, உடம்போடு ஒப்பிட்டால் பெரியவை. நன்கு வளர்ந்த நீலக்கால் பெண் 80,000 முதல் 1,00,000 முட்டை சுமக்கும். ஒவ்வொன்றும் கசகசா மாதிரி. கடலுக்குப் போகும் வழியில் பெரும்பாலானவை சாகும் என்பதால்தான் அத்தனை.

போகும் முன் கேட்க வேண்டியவர்கள்

ஏரி பொதுச்சொத்து என்றாலும் மீன் பொதுச்சொத்து இல்லை. பெரும்பாலான ஏரிகளில் பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, விட்டிருப்பார்கள். அணைகளில் மீனவர் கூட்டுறவுச் சங்கமோ உரிமம் பெற்றவர்களோ இருப்பார்கள். கரையில் வலை உலர்த்தும் ஆளிடம், "அண்ணா, குத்தகை யாரு எடுத்திருக்காங்க? ஒரு தூண்டில் போட்டுக்கலாமா?" என்று கேட்டால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். நாலு பாட்டில், ஒரு தூண்டில் என்றால் பல குத்தகைதாரர்கள் தடுப்பதில்லை. கேட்காமல் வைத்தால் பாட்டிலும் போகும், பேச்சும் வாங்க வேண்டும். எழுத்தாக வேண்டுமென்றால் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகம்.

ஒகேனக்கல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காவிரியின் இந்தப் பக்கக் காடுகள் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரின சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. வடக்கு 2014-இல், தெற்கு 2022-இல். அதற்குள் தூண்டிலும் வலையும் குற்றம். முதலையும் நீர்நாயும் இருக்கிற ஆறு அது. இருட்டில் கரையோரம் குனிந்து நிற்பதுதான் இறால் பிடிக்கும் வேலையே என்பதால், முதலை உள்ள தண்ணீருக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் ஒத்துவராது. கர்நாடக அணைகளில் திறந்துவிட்டால் பிலிகுண்டுலுவைத் தாண்டி தண்ணீர் சட்டென்று ஏறும். பாறை நடுவில் நிற்பவர்களுக்கு அது கடைசியாகத்தான் தெரியும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஓசூர்ப் பக்கம் காட்டை ஒட்டிய ஏரிகளில் மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் யானைக் கூட்டம் இறங்கும். இருட்டும் முன் கரையை விட்டு விடுங்கள். அணைகளில் மதகுக்குக் கீழே, ஷட்டருக்கு முன்னால், எந்த மாதமானாலும் இறங்கக் கூடாது.

இவ்வளவையும் கழித்தால் மிஞ்சுவது குத்தகைதாரர் சம்மதித்த ஊர் ஏரிகள், பெரிய குட்டைகள், அணையின் அனுமதித்த கரைகள். இறாலுக்கு அது தாராளம்.

தூண்டில்

இறால் தூண்டிலில் தோற்பவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: மீன் என்று நினைத்துச் சுண்டுகிறார்கள்.

இறால் இரையை எப்படி எடுக்கிறது என்று ஒரு கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்த்தால் விளங்கும். முதலில் மீசையால் தடவும். பிறகு நீளக் கையால் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை அங்கேயே தின்னாது. பக்கத்து இறால் பிடுங்கிவிடும் என்ற பயத்தில் தன் கல்லிடுக்கை நோக்கி இழுத்துக்கொண்டு நடக்கும். உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் சின்னதாய் இருக்கும் முதல் ஜோடிக் கையால் கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொடுக்கும். நடக்கும்போது சுண்டினால், கையில் பிடித்திருப்பதை விட்டுவிடும். அவ்வளவுதான் நடக்கும்.

ஆகவே தக்கை சடக்கென்று அமுங்காது. ஒரு அங்குலம் தாழும், பக்கவாட்டில் மெல்ல ஊரும், நிற்கும். ஊரும்போது கை வைக்காதீர்கள். நின்றதிலிருந்து முப்பது வரை எண்ணுங்கள். பிறகு கோல் நுனியைச் சாவகாசமாக, கனம் தெரியும்வரை மட்டும் தூக்குங்கள். பின்பக்கமாக "டக், டக்" என்று உதைத்தால் முள் ஏறிவிட்டது. வெறும் பாரமாக வந்து அப்படியே விட்டுப்போனால் இன்னும் கையில்தான் பிடித்திருந்தது. இரையை அதே இடத்தில் திரும்ப இறக்குங்கள், மறுபடி வரும்.

கோல் நாலிலிருந்து ஆறு அடி, நுனி மெலிந்தது. நல்ல மூங்கில் குச்சியே போதும். தங்கூசி 0.18 அல்லது 0.20 மில்லிமீட்டர். முள்ளின் வாய் அகலம் 4 முதல் 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்; கடையில் நம்பர் சொல்லிக் கேட்டால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு வரும், கண்ணால் பார்த்து வாங்குங்கள். முள்ளின் எதிர்ச்செதிலைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். அது இருந்தால் விட வேண்டிய இறாலை வாய் கிழிக்காமல் கழற்ற முடியாது. இல்லாவிட்டால், நூல் தொய்ந்த அரை விநாடியில் இறால் நழுவிவிடும். தொய்யவிடாமல் தூக்கக் கற்றுக்கொள்வது இதில் பாதி வேலை.

தக்கைக்குக் காய்ந்த சோளத்தட்டையின் நெட்டி மாதிரி வேறொன்றும் இல்லை. சுண்டுவிரல் கனத்தில் இரண்டு அங்குலம் வெட்டி, நடுவில் தீக்குச்சி செருகி நூலைப் பிடிக்கவையுங்கள். தக்கை பெரிதாக இருந்தால் இறால் இழுக்கும்போது கனம் தெரிந்து விட்டுவிடும். ஒரு சின்ன ஈயக்குண்டு கட்டி, நெட்டியின் நுனி மட்டும் நெல் மணி அளவு வெளியே தெரியுமாறு சரிசெய்யுங்கள். குண்டுக்கும் முள்ளுக்கும் இடையில் நாலு விரல். குண்டு தரையைத் தொட்டு, முள் தரையில் கிடக்க வேண்டும். இரை தரையிலிருந்து அரை அடி மேலே தொங்கினால் ஜிலேபி கெண்டைதான் வரும், இறால் வராது. ஆழம் தெரிய, முதலில் முள்ளில் ஒரு போல்ட் நட்டைக் கட்டி இறக்கி, தக்கையை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

இரைக்கு நாக்குப்பூச்சி (மண்புழு). முழுப் புழு போட்டால் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், முள் வாய்ப்பக்கமே வராது. அரை அங்குலத் துண்டு, முள் நுனி துளி தெரிய. கோழி ஈரலை உப்புத் தூவி ஒரு மணி நேரம் வைத்தால் இறுகும், பிறகு சின்னதாக நறுக்கலாம். ஜிலேபித் தொல்லை அதிகமென்றால் தேங்காய்ச் சில். கொசு மருந்து தேய்த்த கையால் இரையைத் தொடாதீர்கள். அந்த வாசனைக்கு இறால் கிட்டே வராது. பூச்சியைக் கொல்கிற மருந்துகள் பலவும் இறாலையும் கொல்லும், இரண்டும் உடம்பமைப்பில் உறவுக்காரர்கள்.

இடம்: கல் பதித்த கரை, விழுந்த மரத்தின் வேர், தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் வாய். வெறும் சேற்றுத் தரை வீண். நேரம்: பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, பிறகு விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரம். பௌர்ணமியை ஒட்டிய வெளிச்ச ராத்திரியில் வெளியே வரத் தயங்கும். ஓடு கழற்றும் நாட்களில் பதுங்கியே கிடக்கும். கழற்றிய புது உடம்பு மெத்தென்று இருக்கும். அப்படி ஒன்று வந்தால் விடுங்கள், சதையில் தண்ணீர்தான் இருக்கும்.

கரைக்கு வந்ததும் கைவலையை இறாலுக்கு முன்னால் கொண்டுபோகக் கூடாது. வாலை மடக்கிப் பின்பக்கமாகத்தான் பாயும். வலையை முதலிலேயே தண்ணீருக்குள் வால்பக்கம் வைத்துவிட்டு, மீசைப்பக்கம் விரலை ஆட்டினால் தானே வலைக்குள் குதிக்கும்.

பாட்டிலும் தூரியும்

சின்ன இறாலுக்குத் தூண்டில் பொறுமை சோதிக்கும் வேலை. அதற்குப் பாட்டில் கூண்டு. இரண்டு லிட்டர் பாட்டிலைத் தோள் வளைவு முடிகிற இடத்தில் சுற்றி வெட்டுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய மேல்பாகத்தைத் தலைகீழாக உள்ளே செருகுங்கள். விளிம்பில் நாலு இடத்தில் துளைபோட்டுச் சணல் நூலால் கட்டுங்கள். நைலான் வேண்டாம். அடித்துப்போன பாட்டில் அடியில் கிடந்து மாதக்கணக்கில் உயிர்களைப் பிடித்துச் சாகடித்துக்கொண்டே இருக்கும். சணல் சில வாரத்தில் மக்கி, வாய் தானே கழன்றுவிடும்.

பக்கங்களில் சூடான ஆணியால் 3 மில்லிமீட்டர் துளைகள், முப்பது வரை. துளை இல்லாவிட்டால் காற்று அடைத்து மிதக்கும். அதோடு இரையின் வாசனையும் வெளியே போகாது. உள்ளே கால் கிலோ கல். இரைக்குக் கடலைப் புண்ணாக்கு இரண்டு பங்கு, தவிடு ஒரு பங்கு, பிசைந்து உருண்டை பிடிக்க நேற்றைய ராகிக் களி கொஞ்சம். எலுமிச்சை அளவு உருண்டையைத் துணியில் முடிந்து போடுங்கள், கூட ஒரு தேங்காய்ச் சில். நிறையப் போட்டால் நிறைய வரும் என்பது தப்புக் கணக்கு. புண்ணாக்கு ஊறிப் புளிக்கும்போது பாட்டிலுக்குள் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். காலையில் எடுத்தால் வெளுத்துச் செத்த இறால்தான் இருக்கும்.

ஓடும் தண்ணீரில் பாட்டிலின் வாய் நீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். வாசனை கீழ்நோக்கிப் போகும், அதை மோந்துகொண்டு இறால் எதிர்த்து வரும், நேராக வாய்க்குள் நுழையும். திருப்பி வைத்தால் அடிப்பக்கத்தை முட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க வெளியிலேயே நிற்கும். ஏரியில் ஓட்டம் இல்லாததால் கரைக்கு இணையாக, ஒரு சாண் ஆழத்தில், கொஞ்சம் சாய்த்து. பாட்டிலின் அடிப்பக்கம் கொஞ்சம் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கட்டும். தண்ணிப்பாம்பு உள்ளே போய்விட்டால் மூச்சு விட வழி வேண்டும். அந்திக்கு வைத்து மூன்று மணி நேரத்தில் ஒரு தடவை, விடியலில் ஒரு தடவை எடுங்கள். கையை விடும் முன் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். பாம்பு ஒன்று, நண்டு இன்னொன்று. நண்டு புகுந்த பாட்டிலில் இறால் மிஞ்சாது.

நீளக்கை இறால் பாட்டில் வாயில் நுழையாது, நுழைந்தாலும் திரும்பாது. அதற்கு மூங்கில் தூரி. வாய் இரண்டு அங்குலம், உள்ளே கூம்பாகக் குறுகி, குச்சிகளுக்கிடையே சுண்டுவிரல் போகுமளவு இடைவெளி. அந்த இடைவெளிதான் முக்கியம்: சிறியவை தானாக வெளியேறிவிடும், எடுத்து விடும் வேலையே மிச்சம். தூரி பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். கிடைத்தால் பிளாஸ்டிக் கூண்டைவிட நல்லதுதான். கனம் இருக்கும், மக்கும், தண்ணீருக்குள் வெளிச்சம் அடிக்காது.

பழைய சைக்கிள் ரிம்மில் வலை கட்டி, நடுவில் ஈரல் முடிச்சுப் போட்டு, கயிற்றில் இறக்கிப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்குகிற முறையும் உண்டு. அது கரையிலிருந்து நேர் கீழே ஆழம் இருக்கும் இடத்தில்தான் உதவும்.

கொசுவலை மட்டும் வேண்டாம். ஒரு இழுப்பில் வருவதில் உண்ணத் தகுந்தது ஒரு பிடி இருக்கும், மிச்சம் எல்லாம் எள்ளளவுக் குஞ்சு. வெடி, விஷம் பற்றிப் பேசவே தேவையில்லை. 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே இரண்டையும் குற்றம் என்றது.

பிடித்த பிறகு

இறால் செத்த உடனே தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி உடைந்து வால் சதையைக் கரைக்க ஆரம்பிக்கும். ஆற்று இறால் மாவு மாதிரி இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் வெயிலில் வைத்திருந்த இறாலைத் தின்றவர்கள். உடைத்த ஐஸும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்த டப்பாவில் உயிரோடு போடுங்கள், சில நிமிடத்தில் அடங்கிவிடும். வீடு போக நேரமாகும் என்றால் கரையிலேயே தலையைத் திருகிவிடுங்கள். பெரிய இறாலில் தலையும் கையும் போனால் மிஞ்சும் சதை மொத்த எடையில் பாதிக்கும் குறைவு. அதனால் எத்தனை பேருக்குக் குழம்பு என்று கணக்குப் போடும்போது கவனம்.

பகலில், வெயில் இருக்கும்போதே, இறால்கள் கூட்டமாகக் கரை விளிம்புக்கு வந்து கல்மேல் ஏறிக் கிடந்தால் அதை அதிர்ஷ்டம் என்று அள்ளாதீர்கள். தண்ணீரில் பிராணவாயு இல்லை, அல்லது யாரோ மருந்து கழுவியிருக்கிறார்கள். எடுக்காமல் குத்தகைதாரருக்குச் சொல்லுங்கள்.

வரத்து ஏன் குறைகிறது

பெரிய இறாலுக்குக் காரணம் அணைகள்தான். 1934-இல் மேட்டூர் எழுந்த பிறகு, கொள்ளிடம் முகத்துவாரத்தில் பிறந்த இறால் ஒகேனக்கல்லுக்கு ஏறி வர வழியில்லை. ஈரப் பாறையில் தொற்றி ஏறக்கூடிய உயிர்தான். 200 அடிக்கு மேற்பட்ட அணைச் சுவர் அதற்குப் பாறை ஆகாது. தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணை 1957-இல், சாத்தனூர் 1958-இல். கடலூர்க் கடற்கரையிலிருந்து கிருஷ்ணகிரி வர இரண்டையும் தாண்ட வேண்டும். ஆக இன்று நம் அணைகளில் பெரிய இறால் கிடைத்தால், யாரோ குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார்கள் என்று பொருள். விட்ட வருஷம் இருக்கும், விடாத வருஷம் இருக்காது. அதை இயற்கை வளம் குறைந்ததாக எண்ணி வருந்துவதும், கூடிவிட்டதாக மகிழ்வதும் இரண்டுமே பொருத்தமில்லை.

இதனால்தான் "சினை இறாலை விட்டுவிடு" என்ற பொதுவான அறிவுரை பாதிதான் சரி. குஞ்சு விட்டு வளர்க்கும் அணையில் நீலக்கால் பெண் சுமக்கும் முட்டை பொரித்தாலும், உப்புத் தண்ணீர் கிடைக்காமல் சில நாளில் எல்லாம் செத்துவிடும். அங்கே அதை விடுவதால் அடுத்த வருஷத்துக்கு ஒரு இறாலும் கூடாது. சின்ன இறாலில் நேர்மாறு. வயிற்றில் முட்டை உள்ள ஒரு பெண்ணை விட்டால் அதே கரையில் அடுத்த தலைமுறை. மழைக்காலத்தில் பாட்டிலைத் தூக்கினால் பாதிக்குப் பாதி சினையாக இருக்கும் நாட்களும் உண்டு. அன்று ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, சினையைத் தனியே பொறுக்கி, பிடித்த இடத்திலேயே, தண்ணீருக்குள் கையைத் தாழ்த்தி விடுங்கள். மேலிருந்து வீசினால் முட்டை உதிரும். எந்த வகை என்று சந்தேகம் வந்தால் விடுவதே சரி.

நீலக்காலில் எடுக்கத் தகுந்தது நன்றாக நீலம் ஏறிய நீளக்கை ஆண். அது வளர்ச்சி முடிந்த ஆள். அது இருக்கும்வரை சுற்றியுள்ள சிறிய ஆண்களை வளரவிடாது. அதை எடுத்தால் அடுத்தது கிடுகிடுவென்று வளரும். கை ஆரஞ்சு நிறத்தில் இருப்பவை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை, நேரம் கொடுங்கள்.

சின்ன இறால் குறைவதற்குக் காரணங்கள் உள்ளூரிலேயே கிடக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்குத் தெளிக்கும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மீனைவிட இறாலுக்குப் பல மடங்கு கொடியவை. தெளிப்பான் டேங்கை வாய்க்காலில் ஒரு தடவை அலசினாலே போதும். மீன் நீந்திக்கொண்டிருக்கும், இறால் இருக்காது. அதனால்தான் "மீனெல்லாம் நல்லாத்தானே இருக்குது" என்று யாரும் காரணத்தைத் தேடுவதில்லை. டேங்கைத் தோட்டத்து மண்ணிலேயே கழுவி ஊற்றச் சொல்வது குத்தகைதாரரும் தோட்டக்காரரும் உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடிய விஷயம். கெலவரப்பள்ளி அணையில் பெங்களூருப் பக்கத்துக் கழிவு நுரையாகப் பொங்குவது அப்படிப் பேசித் தீருகிற அளவில் இல்லை. அந்த நீர்தான் தென்பெண்ணை வழியே கீழே வருகிறது. கோடையில் ஏரி அடிவரை வற்றுவது, தடை இருந்தும் பண்ணைக் குட்டைகளிலிருந்து தப்பி வரும் ஆப்பிரிக்கக் கெளிறு, கரைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவது என்று மற்றவையும் உண்டு.

குறைந்ததா இல்லையா என்று சொல்ல ஞாபகத்தை நம்ப முடியாது, நோட்டு வேண்டும். நாலு பாட்டில் மூன்று மணி நேரம் வைத்தால் 12 பாட்டில்-மணி. 36 இறால் வந்தால் ஒரு பாட்டிலுக்கு ஒரு மணிக்கு 3. இந்த எண்தான் ஒப்பிடத் தகுந்தது, "ஒரு டப்பா கிடைச்சுது" என்பது அல்ல. கூடவே தேதி, பிறை, அத்தனையில் சினை எத்தனை, நீர்மட்டம். கிருஷ்ணகிரி அணை என்றால் 52 அடியில் அன்றைக்கு எத்தனை என்று நாளிதழிலேயே வரும். நீர்மட்டத்தை எழுதாத குறிப்பு நம்மை ஏமாற்றும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் சுருங்கும்போது அதே இறால்கள் சின்ன இடத்தில் நெருங்கி நிற்கும், பாட்டில் நிறையும், ஏரி செழித்துவிட்டது என்று தோன்றும். மழை வந்து ஏரி விரிந்ததும் எண் விழும், உடனே புலம்பல் தொடங்கும். இரண்டு முறையும் இறாலின் தொகை அவ்வளவாக மாறியிருக்காது. போன ஆவணியை இந்த ஆவணியோடு, கிட்டத்தட்ட ஒரே நீர்மட்டத்தில் ஒப்பிடுங்கள். மூன்று வருஷம் தொடர்ந்து இறங்கினால் அது உண்மையான குறைவு. சினையின் விகிதமும் சேர்ந்து இறங்கினால் தண்ணீரில் ஏதோ கோளாறு. சினை அப்படியே இருந்து எண்ணிக்கை மட்டும் இறங்கினால் யாரோ குஞ்சை அள்ளுகிறார்கள். கரையில் கொசுவலை காய்கிறதா என்று பாருங்கள். அந்த நோட்டோடு குத்தகைதாரரிடம் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

குறைந்த ஏரியை நிரப்புகிறேன் என்று சந்தையில் உயிரோடு வாங்கிய இறாலையோ வேறு ஏரியின் இறாலையோ கொண்டுவந்து கொட்டாதீர்கள். நீலக்காலுக்கு வால் வெளுக்கும் வைரஸ் நோய் உண்டு, பார்வைக்கு நன்றாக இருக்கும் பெரிய இறாலும் அதைச் சுமந்து வரும். இதே காரணத்துக்காக, ஒரு ஏரியில் நனைந்த வலையையும் பாட்டிலையும் தூரியையும் அன்றே இன்னொரு ஏரிக்கு எடுத்துப் போகக் கூடாது. முடிச்சுகளில் சிக்கிய பாசியையும் ஆகாயத்தாமரைத் துணுக்கையும் பிய்த்துப் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் இரண்டு நாள் முழு வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து எடுங்கள். சணல் நூல் ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த முறை தண்ணீருக்குள் போகும் முன்பே அறுந்துவிடும். அதையும் அப்போதே மாற்றிக் கட்டிவிடலாம்.